ஐந்து மில்லிமீட்டர் மரியாதை

மாமனாரின் தலைக்குள் கட்டி இருப்பது தெரிந்த அன்று வீடே உட்கார்ந்து அழுதது. தலைக்கு மேலே டோப்பா இருப்பது அதற்கு முப்பத்தெட்டு வருடம் முன்பே எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. புருவம் நரைத்தாயிற்று, மீசை நரைத்தாயிற்று, காது மடலில் முளைத்த நாலு முடிகூட நரைத்தாயிற்று. தலை மட்டும் கல்யாணப் போட்டோவில் இருந்தபடியே கன்னங்கரேலென்று நின்றது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, "முடி வெட்டிட்டு வரேன்" என்று கிளம்புவார். சலூனில் ஒரு மணி நேரம் பேப்பர் படித்துவிட்டுத் திரும்புவார். "இந்தத் தடவை நல்லா வெட்டியிருக்கான்" என்பார் மாமியார். மகன் தலையாட்டுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த வீட்டில் குடும்பமே வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கரண்டி சோறு போட்டு மூடியது.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் வாரமே விஷயத்தைக் கண்டுபிடித்தாள். முதல் வாரமே கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவில் இயற்பியலாளர். புற்றுநோய்க்கு விடும் கதிரை எந்தக் கோணத்தில், எந்த வடிவத்தில், எவ்வளவு விட வேண்டும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அந்தப் பிரிவில் அதற்கு அவள் ஒருத்திதான். மாமியார் உறவுக்காரர்களிடம் "எக்ஸ்ரே எடுக்கறா" என்று சொல்லிவைத்திருந்தார். கணவன் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்பான். உருப்படியாக விசாரித்தது மாமனார் ஒருவர்தான். அவர் முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்த சர்வேயர். முதன்முதலில் அவளைப் பார்த்தபோதே கேட்டார்.

"உங்க மெஷின் எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் பிசகாம அடிக்கும்?"

"ஒண்ணு, சார்."

மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நாங்க ஒரு சாண் பிசகாம அளந்தாலே பெரிய ஆளுன்னுவாங்க" என்றார். அன்று முதல் அவருக்கு இவள்மேல் தனி மதிப்பு. இவளுக்கும் அந்த வீட்டில் முதலில் பிடித்துப்போனது கணவனை இல்லை, அவரைத்தான். இதை அவள் கணவனிடமே சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு இடது கண் சின்ன வயதிலேயே பந்து பட்டுப் போய்விட்டது. "அளக்கிற கருவியில ஒத்தக் கண்ணாலதான் பாக்கணும். எனக்கு இன்னொண்ணை மூடற வேலை மிச்சம்" என்று அதையும் லாபக் கணக்கில்தான் சேர்த்திருந்தார். மிச்சம் இருப்பது வலது கண். கட்டி எங்கே போய் உட்கார்ந்தது என்றால், அந்த வலது கண்ணுக்குப் பின்னால், பார்வை நரம்பை ஒட்டி. இத்தனை பெரிய உடம்பில் அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

கத்தி வைக்க முடியாத இடம், கதிர்தான் வழி, முப்பது நாள் வர வேண்டும் என்றார் டாக்டர். நரம்பைத் தொடாமல் செய்துவிடலாம், பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். பிறகு வழக்கமான எச்சரிக்கைக்கு வந்தார். "கதிர் படற இடத்துல முடி கொட்டலாம்."

"பரவால்ல டாக்டர்" என்றார் மாமனார். "எனக்கு அடர்த்தி ஜாஸ்தி. கொட்டினாலும் தெரியாது."

டாக்டர் பேனாவைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான். மருமகள் தன் செருப்பைப் பார்த்தாள்.

கதிரை வடிவமைப்பது என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மெஷினிலிருந்து வரும் கதிருக்குக் கட்டி எது, கண் எது என்று தெரியாது. விட்டால் ஒரு சதுரமாக வந்து எல்லாவற்றையும் சுட்டுவிட்டுப் போகும். அதனால் மெஷினின் வாயில் டங்ஸ்டன் தகடுகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் அறுபது. இரண்டு சீப்புகளை எதிரெதிரே பிடித்ததுபோல நிற்கும். ஒவ்வொரு பல்லுக்கும் தனி மோட்டார். எந்தப் பல் எவ்வளவு உள்ளே வர வேண்டும், எவ்வளவு விலக வேண்டும் என்று கணக்குக் கொடுத்தால் நடுவில் கட்டியின் வடிவத்திலேயே ஒரு சந்து திறக்கும். கதிர் அது வழியாகத்தான் போக வேண்டும். மெஷின் தலையைச் சுற்றிவரச் சுற்றிவர, கட்டி ஒவ்வொரு பக்கத்திலிருந்து ஒவ்வொரு மாதிரி தெரியும். தகடுகளும் அதற்கேற்ப ஓடிக்கொண்டே இருக்கும். அபாரமான ஏற்பாடு. அது ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறது: தலை அசையக் கூடாது.

தலை அசையாமலிருக்க ஒரு மாஸ்க் செய்வார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் துணிபோல இளகும். அதை முகத்தில் இழுத்துப் போர்த்தினால் ஐந்து நிமிடத்தில் மூக்கு, தாடை, நெற்றி என்று அச்சு அசலாக இறுகிவிடும். முப்பது நாளும் அதை மாட்டி மேஜையோடு பூட்டி, அதன் பிறகுதான் கதிர்.

மாஸ்க் செய்வதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். டெக்னீஷியன் வரி வரியாகப் படித்தார். "பல் செட்?" இல்லை. "காது மெஷின்?" இல்லை. அடுத்த வரியில் டோப்பா என்று அச்சடித்திருந்தது. டெக்னீஷியன் அதைப் படிக்கவில்லை. மாமனாரின் தலையைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும், "கழட்டிடுங்க" என்று இவளே ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள். வாரத்துக்கு இரண்டு பேருக்குச் சொல்கிற வார்த்தைதான். இன்றைக்கு அவள் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். டெக்னீஷியன் புரிந்துகொண்டு, "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டார். சூடான பிளாஸ்டிக் டோப்பாவின்மேல் பதமாக இறுகியது.

ஸ்கேன் படம் பொய் சொல்லவில்லை. அதற்கு மாமனார், மருமகள் என்றெல்லாம் தெரியாது. வெளியே மாஸ்க், அதற்குள் புகைபோல ஒரு படலம், அதற்குள் காற்று, அப்புறம்தான் மண்டை. நடுவே பதினோரு மில்லிமீட்டர் இடைவெளி. ஒத்திகைக்கு இரண்டு முறை படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். முதல் முறை தலை இடப்பக்கம் நாலு மில்லி தள்ளியிருந்தது. எழுப்பி மறுபடி படுக்கவைத்தால் வலப்பக்கம் ஐந்து. மனிதர் மரக்கட்டைபோலத்தான் கிடந்தார். மாஸ்க் டோப்பாவைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. தலைதான் டோப்பாவுக்குள் வழுக்கிக்கொண்டிருந்தது.

சொல்லித்தான் ஆக வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது?

முதலில் டாக்டரிடம் போனாள். ஒரு மனிதனிடம், "உங்களுக்கு ஆறு மாதம்தான்" என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியவர் அவர். "நான் எப்படிங்க" என்று நெளிந்தார். "நீங்க வீட்டு மனுஷி. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

கணவனிடம் சொன்னாள். "அது ஆஸ்பத்திரி விஷயம், டாக்டர்தான் சொல்லணும்" என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ்ளோ பெரிய மெஷின். அதுல ஏதாவது அட்ஜஸ்ட் பண்ண முடியாதா?" என்றான்.

கடைசியாக மாமியார். "முடியா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "அவங்க பரம்பரையே கெட்டி முடி." பரம்பரை, அதாவது மாமனாரின் அப்பா, சுவரில் சட்டத்துக்குள் பளபளக்கும் வழுக்கையோடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே அவள் அட்ஜஸ்ட் செய்தாள்.

எப்படி என்றால், கட்டியைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வரம்பு வைப்பார்கள். தலை கொஞ்சம் பிசகினாலும் கட்டி தப்பிவிடக் கூடாது என்பதற்காக. வழக்கமாக மூன்று மில்லி. அதை எட்டாக்கினாள். தகடுகள் எல்லாப் பக்கமும் ஐந்து மில்லி கூடுதலாக விலகி நிற்கும். இப்போது தலை எப்படி வழுக்கினாலும் கட்டி தப்பாது. ஆனால் அந்த ஐந்து மில்லிக்குள்தான் பார்வை நரம்பு ஓடியது. நரம்பு தாங்கும் அளவைத் தாண்டி வரைபடத்தில் கோடு எழும்பி நின்றது. கோணத்தை மாற்றினாள், தகடுகளை மாற்றினாள், இரண்டு நாள் முட்டி மோதினாள். கோடு இறங்கவில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா என்பார்கள். இவள் கண்ணை விற்று டோப்பா வாங்கிக்கொண்டிருந்தாள். அதுவும் அடுத்தவர் கண்ணை. அது அவளுக்கே தெரியும். தெரிந்துதான் அந்தத் திட்டத்தைச் சேமித்து, டாக்டரின் கையெழுத்துக்கு அனுப்பினாள். அன்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, சட்டப்படி நோயாளியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம். வலது கண் பார்வை மட்டும் கொஞ்ச கொஞ்சமா மங்க வாய்ப்பிருக்கு."

"ஒண்ணும் ஆகாதுன்னுதானே போன வாரம் சொன்னீங்க?"

"அது பிளானிங் சமாச்சாரம். உங்க மருமக விளக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு டாக்டர் வெளியே போனார்.

மாமனார் நேராக மருமகளின் அறைக்கு வந்தார். இரண்டு திரைகள், ஒரு மேஜை, ஒரே நாற்காலி. அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். மண்டைக்குள் சிவப்பில் ஒரு கோடு, அதைச் சுற்றி நீலத்தில் ஒரு கோடு, குறுக்கே மஞ்சளில் ஒன்று. ஆயுள் முழுக்க வரைபடம் பார்த்தவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"சிவப்பு கட்டி. நீலம் நீ போட்ட எல்லை. மஞ்சள் என்னம்மா?"

"பார்வை நரம்பு, மாமா."

"எல்லை அது மேலயே ஏறிப் போகுதே."

"ஆமா."

"எவ்வளவு தள்ளிப் போட்டிருக்க?"

"எட்டு மில்லி."

"வழக்கமா?"

"மூணு."

"அப்ப இந்த அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?" குரலில் கோபம் இல்லை. அளவு தப்பிய இடத்தைத் தேடும் குரல். அதுதான் அவளை இன்னும் கூசவைத்தது.

"தலை நகருது மாமா."

"நான் அசையவே இல்ல. மூச்சுகூட அளந்துதான் விட்டேன்."

"நீங்க அசையல. நாங்க எதை நம்பி அளக்கறோமோ, அது அசையுது."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். எதை நம்பி அளக்கிறோமோ அதுவே நகர்ந்தால் என்ன ஆகும் என்று சர்வேயருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணலில் நட்ட கல்லை வைத்து ஊரையே அளந்துவிட்ட ஒரு சகாவைப் பற்றி அவரே பத்துத் தடவை சிரித்திருக்கிறார். அவள் படத்தை மெல்ல நகர்த்தி உச்சந்தலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். மாஸ்க், புகைப் படலம், காற்று, மண்டை.

வெகுநேரம் பார்த்தார்.

"இந்த இடைவெளி எவ்வளவு?"

"பதினோரு மில்லி."

"படிவத்துல டோப்பான்னு ஒரு வரி இருந்திருக்குமே?" அந்த வீட்டின் வரலாற்றில் அந்த வார்த்தையை முதலில் சொன்னவர் அவர்தான்.

"இருந்துச்சு மாமா."

"என்னன்னு எழுதினீங்க?"

"இல்லைன்னு."

"பொய் ரெக்கார்டு" என்றார். "எங்க ஆபீசா இருந்தா அன்னிக்கே உன்னை சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன்." அப்புறம்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "புதுசா மாஸ்க் பண்ண எத்தனை நேரம் ஆகும்?"

மாஸ்க் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளே டெக்னீஷியனும் மருமகளும் மட்டும். நெற்றிப் பக்கம் விரலை விட்டு, பழகிய கையால் ஒரே இழுப்பு. கீழே இருந்தது சாதாரண வழுக்கை. பிறந்த குழந்தையின் தலைபோல வெளுத்து, ஓரத்தில் டேப் ஒட்டிய சிவப்புத் தழும்போடு இருந்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று மருமகளுக்குத் தோன்றியது. தோன்றிய அடுத்த நொடியே கண் கலங்கியது.

"கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்னாடி கொட்டிடுச்சு" என்று கூரையைப் பார்த்தபடி சொன்னார். "பொண்ணு வேண்டாம்னுடுமோன்னு ஒரு பயம். கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம் நேரமே அமையல." முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு அரை மணி நேரம் அமையவில்லை. பாவம், வேலை அதிகம். "டேப்பும் நல்ல கம்பெனி. ஒரு ரோல் வாங்கினா வருஷக்கணக்கா தீரவே மாட்டேங்குது." பிறகு தலையைத் தூக்கி எச்சரித்தார். "உன் அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது."

"தெரியாது மாமா" என்றாள் மருமகள். கரண்டியைக் கீழே வைக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

புது மாஸ்க் மண்டையோடு மண்டையாக இறுகியது. புதிய ஸ்கேன், புதிய கணக்கு. ஒத்திகையில் ஒரு மில்லிக்குமேல் பிசகவில்லை. நீலக் கோடு மூன்று மில்லிக்குத் திரும்பியது. மஞ்சள் கோடு தப்பியது. டாக்டர் புதிய திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, பக்குவமா சொன்னா கேப்பாருன்னு" என்றார்.

முப்பது நாளும் உடை மாற்றும் அறையில் டோப்பாவைக் கழற்றி வைப்பார், வரும்போது மாட்டிக்கொண்டு வருவார். "ஒரு முடிகூடக் கொட்டல பாத்தியா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமைப்பட்டார்.

கடைசி நாள் கண்ணைச் சோதித்தார்கள். பலகையின் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தார். இனி மாதாமாதம் காட்ட வேண்டும், இப்போதைக்கு நரம்பு பத்திரம் என்றார்கள். உடை மாற்றும் அறை வாசலில் மருமகள் காத்திருந்தாள். அவர் டோப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்கு நான் உன் ரூமுக்கு வரலைன்னா, திங்கக்கிழமை எந்தக் கோட்டை வெச்சு ஆரம்பிச்சிருப்ப?"

ஒன்பது வருடப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"பெரிய கோட்டைத்தான் மாமா."

"இருக்கிற ஒரு கண்ணும் போகும்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அவ்ளோ மரியாதை எம்மேல" என்றார். டோப்பாவைக் கைக்குட்டைபோல மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். எழுந்து, வெறுந்தலையோடு கதவைத் திறந்துகொண்டு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

காத்திருக்கும் கூடத்தில் மாமியாரும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகன் அப்பாவைப் பார்த்தான், வாயைத் திறந்தான், பிறகு குலவழக்கப்படி மின்விசிறியைத் தேடினான். மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது." அவர் நகரவில்லை. "என் தலையப் பாத்தியா?"

"பாத்துட்டுதான் இருக்கேன். கல்யாணமான மூணாம் நாள்லேர்ந்து."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க எப்ப சொல்வீங்கன்னு பாத்தேன்." மாமியார் கைப்பையைத் திறந்து துழாவினார். "ஒரு டேப் ரோல் வருஷக்கணக்கா தீராம வரும்னு நெனச்சீங்களா? தீரத் தீர யாரு அலமாரியில வெச்சா? இந்தாங்க, நேத்துதான் வாங்கினேன். வேணாம்னா சொல்லுங்க, கடையில திருப்பிக் கொடுத்துடறேன்."

அவர் ரோலை வாங்கினார். மருமகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு வலது கண்ணுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய், உள்வட்டத்தில் எறும்பு சைசில் அச்சடித்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அகலம் பத்தொன்பது மில்லிமீட்டர்."

"சரியாத்தான் படிக்கறீங்க" என்றார் மாமியார். அதற்கப்புறம்தான் அழுதார்.